சந்தனப் பொட்டு வைத்த சாட்சி

வணக்கம் குழந்தைகளே. ஏ பிளாக் முதல் மாடியிலிருந்து மிக்சர் பேசுகிறேன். இன்று 'காணாமல் போன கோலப்பொடி டப்பா' என்ற மர்மக் கதை வரும் என்று உங்களுக்கு அறிவிப்பு வந்திருக்கும். அந்த டப்பா காணாமலே போகவில்லை, எங்கள் பால்கனியில்தான் இருக்கிறது. ஆகவே வேறு கதை சொல்கிறேன். இதில் ஒரு மோதிரம் காணாமல் போகும், ஒரு துப்பறிவாளர் மண்ணைக் கவ்வுவார். அந்தத் துப்பறிவாளர் நான்தான்.

சி பிளாக்குக்குப் போன வாரம் குடிவந்தவர்களுக்காக முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா பாதி ராஜபாளையம். என் அப்பா யார் என்பதில் சிங்காநல்லூர்த் தெருநாய்களிடையே இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. அதனால்தான் தன்ஷிகா எனக்கு மிக்சர் என்று பெயர் வைத்தாள். அவள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அப்பா பூபதி, பம்புசெட் கம்பெனியில் மேலாளர். நம் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். அம்மா சௌந்தர்யா வங்கியில் வேலை பார்க்கிறார். தன்ஷிகா அவர்களை அப்பா, அம்மா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே சொல்கிறேன். வீட்டில் எனக்கு வேறு உறவுமுறை யாரும் ஒதுக்கவில்லை.

என் கழுத்தில் இருப்பது பேசும் பட்டை. இப்போது குழந்தை இருக்கிற வீடு எல்லாவற்றிலும் ஒரு நாயோ பூனையோ இதை மாட்டிக்கொண்டு, அன்றன்று வீட்டில் நடந்ததை மாலையில் குடியிருப்புக் குழந்தைகளுக்கெல்லாம் ஒலிபரப்பில் மர்மக் கதையாகச் சொல்கிறது. முறுக்கைத் தின்றது யார், தாத்தாவின் கண்ணாடியை ஒளித்தது யார் என்பது மாதிரி. தன்ஷிகாவின் தமிழ் மதிப்பெண் மோசம் என்பதால் அப்பா என் பட்டையை 'நல்ல தமிழ்' என்ற அமைப்பில் வைத்துவிட்டார். அதனால் உங்கள் தெருவிலேயே பிழையில்லாமல் பேசுகிற ஒரே ஆள் ஒரு நாய். யாரும் வருத்தப்பட வேண்டாம்.

பட்டை எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இந்தக் கதையின் உயிர், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு வாசனை தெரியும், அதன் பெயர் தெரியாது. வெங்காயத்தை முகர்ந்தால் 'அது' என்று மட்டும் நினைப்பேன். பட்டையின் நடுவில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதுதான் பட்டையின் மூக்கு. நான் முகர்வதை அதுவும் முகர்ந்து, 'ஓ, இது வெங்காயம்' என்று பெயர் சொல்லும். ஆட்களின் பெயரைக் குரலை வைத்து அறிந்துகொள்ளும், மற்றதெல்லாம் மூக்கை வைத்துத்தான். அறிவது என் மூக்கு, பெயர் வைப்பது அதன் மூக்கு. பெருமை மட்டும் முழுவதும் எனக்கு.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டு பூஜை அறையில் அப்பாவின் ஸ்பேனர் செட், லேப்டாப், அம்மாவின் கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாம் வரிசையாக அமர்ந்தன. தன்ஷிகா தன் புத்தகங்கள் அனைத்தையும் கொண்டுவந்து வைத்தாள். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் வரை தொடக்கூடாது என்ற சட்டத்தை அவளைப் போல மதிக்கிறவர் யாரும் இல்லை. கடைசியில் அப்பா என் கழுத்தைப் பார்த்தார்.

"இதும் கருவிதானே? கழட்டி வைங்க. இதுக்கும் ஒரு பொட்டு வெச்சிரலாம்."

அம்மா பட்டையைத் துடைத்து, சந்தனத்தை விரலில் தொட்டு, பொட்டு வைக்க நடுவில் ஓர் இடம் தேடினார். நடுவில் அழகாக ஒரு துளை இருந்தது. அதன்மேல் வட்டமாக, கச்சிதமாக ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். பட்டையின் மூக்கு அன்றோடு அடைபட்டது. என் வாயும் அடைபட்டது. வாயில்லாத ஜீவனாக நான் வாசலுக்குப் போய் உட்கார்ந்தேன்.

வாசலில் அப்பா பூசணிக்காயின் தலையைச் சீவி, உள்ளே குங்குமத்தையும் சில்லறையையும் போட்டு, கையை விட்டு நன்றாகக் கலக்கிக்கொண்டிருந்தார். ஈரக்கை, வழுவழுவென்ற சதை. அந்தக் கை வெளியே வந்தபோது ஒரு வாசனை குறைந்திருந்தது. மாமனார் அவருக்குப் போட்ட நீலக்கல் மோதிரத்துக்கென்று ஒரு வாசனை உண்டு; பழைய வியர்வையும் சோப்பும் உலோகமும் கலந்தது. அது காய்க்குள்ளேயே தங்கிவிட்டது எனக்குத் தெரிந்தது. நான் குரைத்தேன். காயைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்தேன்.

"டேய், பூசணிக்காயப் பாத்து எதுக்குடா கொலைக்கறே?" என்று அப்பா ஒரு பிடி சுண்டலை என் முன்னால் போட்டார்.

கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய்த் துருவலோடு. நான் வாயை மூடிக்கொண்டேன். என் துப்பறியும் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் லஞ்சம் அது. அப்பா கற்பூரத்தைக் கொளுத்தி, காரைச் சுற்றி, நடுத்தெருவில் காயைப் போட்டு உடைத்தார். பிள்ளைகள் சில்லறையைப் பொறுக்கினார்கள். குடியிருப்புக் காவலாளி மிச்சத் துண்டுகளை மண்வெட்டியால் அள்ளி, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் புதரில் எறிந்தார்.

மறுநாள் விஜயதசமி. பட்டை பொட்டோடு என் கழுத்துக்குத் திரும்பியது. பொட்டை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை, மங்கலம் அல்லவா. காபி குடிக்கும்போது அம்மா அப்பாவின் விரலைப் பார்த்தார்.

"மோதரம் எங்கீங்க?"

"பூஜைத் தட்டுலதான் கழட்டி வெச்சேன். வருசா வருசம் அங்கதான வெக்கறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. போன வருடம் வைத்ததை இந்த வருடம் வைத்ததாக நம்பினார். தட்டில் மோதிரம் இல்லை. அறையைப் புரட்டிப் போட்டார்கள். மாலையில் தன்ஷிகா என்னை மடியில் வைத்துக்கொண்டு, ஒலிபரப்பை அழுத்திவிட்டு, "மிக்சர், மோதரம் எங்க போச்சு?" என்று கேட்டாள்.

நான் 'அதற்குள்' என்று நினைத்தேன். அந்தப் பெரிய, பச்சைத் தண்ணீர் வாசனையுள்ள, உடைந்த 'அது'. பட்டைக்குத் தெரிந்த வாசனை அன்று ஒன்றே ஒன்று. மர்மக் கதை என்பதால் கொஞ்சம் மசாலாவும் சேர்த்து அது முழங்கியது: "மோதிரம் இப்போது சந்தனத்திடம் இருக்கிறது! சந்தனம் மணக்கும் அந்தக் கை யாருடையது?"

நான் நினைத்தது இதுவல்ல என்று எனக்கு உறைத்தது. அந்த இடத்திலேயே படுத்துத் தூங்குவதுபோல் நடித்திருந்தாலாவது கதை நின்றிருக்கும். ஆனால் நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நாற்பது வீட்டுக் கைதட்டல் பட்டை வழியாக ஒரே நேரத்தில் காதில் விழுந்தால் எந்த நாய்க்கும் தலை கால் புரியாது. வாலை ஆட்டினேன். வால் ஆட்டினால் 'ஆம்' என்று பட்டைக்கு அர்த்தம்.

"நம்ம ஊட்டுல சந்தன வாசனை யாருகிட்ட?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார். பதில் அவருக்கே தெரியும். பாத்திரம் கழுவி வீடு பெருக்கும் துளசிமணி அக்கா தினமும் சந்தன சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வருவார். அந்த சோப்பைப் போன தீபாவளிக்கு டஜன் கணக்கில் வாங்கிக் கொடுத்ததே அம்மாதான்.

துளசி அக்காவை உங்களுக்கெல்லாம் தெரியும். என்னைக் காலையில் நடக்கக் கூட்டிப்போகிறவர் அவர். மோர்ச்சோறு பிசைந்தால் கட்டியில்லாமல் பிசைவார். காதுக்குப் பின்னால் எந்த இடத்தில் சொறிந்தால் எனக்குக் கண் சொருகும் என்பது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மறுநாள் வந்து பாத்திரம் கழுவத் தொடங்கியதும் அம்மா சமையலறை வாசலில் நின்றார்.

"துளசி, எடுத்திருந்தா சொல்லிரு. போலீஸ் கீலீஸ் ஒண்ணும் வேண்டாம்."

"என்னங்கம்மா கேக்கறீங்க? நான் பூஜ ரூமுக்குள்ளயே போகலீங்களே."

"மிக்சர் சொல்லுது."

"நாயி சொல்லுதுங்களா?"

அப்பா செய்தி படித்துக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "நாய் பொய் சொல்லாது துளசி."

"நானுந்தானுங்க பொய் சொல்லல."

துளசி அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "ஏஞ்சாமி, நீயே சொல்லு. நானா எடுத்தேன்?"

இல்லவே இல்லை, அது அந்தக் காய்க்குள் இருக்கிறது என்று உடம்பு முழுவதாலும் நினைத்தேன். பட்டை சொன்னது: "இல்லவே இல்லை, அது சந்தனத்துக்குள் இருக்கிறது."

'இல்லவே இல்லை' என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மோர்ச்சோற்றுக் கிண்ணம் பாதி கழுவியபடி தொட்டியிலேயே கிடந்தது. குழந்தைகளே, நான் வெட்கப்படத் தெரியாத ஜாதி. எதையும் எங்கேயும் முகர்கிறவன். ஆனால் அன்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன் சாப்பிட வெளியே வரவில்லை.

அதன் பிறகு நடந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் உங்கள் வீட்டில் சொன்னீர்கள். துளசி அக்கா வேலை செய்த வீடு எல்லாம் நம் குடியிருப்பில்தான். ஒவ்வொன்றாக எல்லா வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அப்பா எழுந்து, திருட்டுப் புகார்களில் செல்லப் பிராணியின் வாக்குமூலத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தீர்மானமே கொண்டுவந்தார். ஒருமனதாக நிறைவேறியது. எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் பரிசு. தின்றேன். அதையும் மறைக்கவில்லை.

தினமும் மாலையில் உண்மையைச் சொல்ல முயன்றேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். "சந்தனம் சந்தனத்தில் உடைந்தது. சந்தனத்துக்குப் பின்னால் சந்தனத்தில் கிடக்கிறது." பூசணி தெருவில் உடைந்தது, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் புதரில் கிடக்கிறது என்று அர்த்தம். பி பிளாக்கின் பெர்சியப் பூனை சுல்தானா தன் நிகழ்ச்சியில் இதை நவீன கவிதை என்று விமர்சித்தாள். இதன் ஆழம் பூனைகளுக்குத்தான் புரியும் என்றும் சொன்னாள். கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். மதியம் என்ன சாப்பிட்டாய் என்று தன்ஷிகா கேட்டதற்குச் "சந்தனம்" என்றபோதுகூட வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பண்டிகை முடிந்த வீடு பின்னே எப்படி மணக்கும் என்றார் அப்பா.

என்னைக் காப்பாற்றியது குளியல். நான் வாழ்நாளெல்லாம் வெறுத்த ஒன்று. தன்ஷிகா பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு என் தலையில் ஷாம்பூவை ஊற்றினாள். கழுத்தில் பட்டை இல்லை என்று தெரிந்த கணம், இனி பேசிப் புரியவைக்கிற வேலை வேண்டாம் என்று முடிவு செய்தேன். நுரையோடு ஓடினேன். மாடிப்படி, கார் நிறுத்தம், ஜெனரேட்டர் அறை, புதர். பின்னாலேயே தன்ஷிகா, "மிக்சர், நில்லுடா!" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

புதரில் தலையை விட்டுக் குரைத்தேன். சுண்டல் யாரிடமும் இல்லாததால் நிறுத்தாமல் குரைத்தேன். அவள் குனிந்து, காய்ந்து சுருங்கிய ஒரு பூசணித் துண்டைக் குச்சியால் கிளறினாள். குங்குமம் ஒட்டிய சதைக்குள் நீலக்கல் தெரிந்தது.

"ஐயோ" என்றாள். அவளுக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "அப்பா கையில இருந்து வுழுந்துருக்குதுடா. துளசிக்கா எடுக்கவே இல்ல."

அவள் மோதிரத்தை வீட்டில் கொண்டுபோய்க் காட்டினாள். அப்பா கூப்பிட, அன்று மாலையே பட்டைக் கம்பெனியிலிருந்து ஜெரால்டு என்ற இளைஞர் வந்தார். குண்டூசியால் துளையைக் குத்தி, உள்ளிருந்து சுண்ணாம்புபோல் இறுகிய சந்தனத்தை உதிர்த்தார்.

"ஆயுத பூஜ முடிஞ்சா எங்களுக்கு இதே வேலதானுங்க சார். தெனமும் காலைல இது வாசனைக்கெல்லாம் புதுசாப் பேரு படிச்சுக்கும். சந்தனத்த அடச்சு வெச்சா எல்லாத்துக்கும் சந்தனம்னே படிச்சுக்கும்."

"அப்ப நாய் பொய் சொல்லுச்சா?" என்றார் அப்பா.

"நாயி பொய் சொல்லாதுங்க. பட்டைதான் தப்பாச் சொல்லும். தப்புன்னு அதுக்கே தெரியாது, அதனால கொரல்ல தடுமாத்தம் இருக்காதுங்க. மனுசன்னா திக்கித் திணறுவான், நாம கண்டுபிடிச்சிருவோம்."

அம்மா சுவரில் சாய்ந்தார். "துளசி திக்காமத்தான சொன்னா. அவளையும் நம்பலியே நாம."

அம்மா என்னையும் தன்ஷிகாவையும் கூட்டிக்கொண்டு துளசி அக்கா வீட்டுக்குப் போனார். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அக்கா எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அங்கே சந்தன வாசனை இல்லை. சோப்பை மாற்றிவிட்டிருந்தார்.

"தப்பு எங்க மேலதான் துளசி. நாளையிலிருந்து வந்துரு" என்றார் அம்மா.

"உங்க ஊட்டுக்கு வந்தாப் போதுமுங்களா? மத்த ஊட்டுக் கொழந்தைக என்னையப் பாத்தா 'சந்தனத் திருடி'ன்னு ஓடுதுக. நீங்க வந்து சொன்னீங்க, சந்தோசம். ஆனா நாயி சொன்னத நாயி வாயாலதானுங்க மாத்தோணும். உங்க அப்பார்ட்மெண்டுல மனுசங்க சொன்னா யாரு கேக்கறாங்க?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா இதை அப்பாவிடம் சொன்னார். அப்பா நெற்றியைத் தேய்த்தார். கெட்டவர் இல்லை குழந்தைகளே, என்னை மழையில் தெருவிலிருந்து தூக்கி வந்தவரே அவர்தான். ஆனால் செயலாளர்.

"துளசி வரட்டும், நான் வேண்டாங்கல. ஆனா பூசணிக்காய்க்குள்ள மோதரம் போச்சுன்னு குரூப்புல போட்டீன்னா என் மானம் போயிரும். போன வாரந்தான் தீர்மானம் போட்டோம். கொஞ்ச நாள் போகட்டும், தானா மறந்துருவாங்க. மிக்சர் நாளைக்கு வேற ஏதாச்சும் சொல்லட்டும். அந்தக் கோலப்பொடி டப்பா கத இருக்குதல்ல?"

அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பினார். தன்ஷிகா தன் தட்டைப் பார்த்தாள். நான் எதிர்த்துக் குரைக்கவில்லை, எனக்கு அப்போது சப்பாத்தி போட்டிருந்தார்கள்.

அந்த நாளைதான் இன்று. அப்பா கீழே கூட்ட அறையில் சங்க உறுப்பினர்களோடு இருக்கிறார். அங்கேயும் யாரோ ஒரு குழந்தை இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் சற்று முன் அவருடைய வாசனை படிக்கட்டில் ஏற ஆரம்பித்துவிட்டது. லிப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. பட்டையின் மூக்கு இப்போது சுத்தம், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: பழைய வியர்வை, சோப்பு, உலோகம். மோதிரம் அவர் விரலில் இருக்கிறது.

சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. அம்மா வருகிறார். என் பட்டையைக் கழற்றத்தான் வருகிறார் என்று தன்ஷிகா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இல்லை. அம்மா எங்களைத் தாண்டிப் போய் வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அதன்மேல் சாய்ந்து நிற்கிறார்.

"சொல்லு மிக்சர்" என்கிறார்.

உங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருந்தால் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். மோதிரம் பூசணிக்காய்க்குள் விழுந்தது. துளசிமணி அதை எடுக்கவில்லை, தொடவில்லை, பார்க்கவும் இல்லை. அவரைத் திருடி ஆக்கியது என் குரல். அதே குரலில் சொல்கிறேன், துளசிமணி திருடவில்லை. நாளைக் காலை அவரை வாசல் கேட் அருகே பார்த்தால் ஓடாதீர்கள், அக்கா என்று கூப்பிடுங்கள்.

கதவு தட்டப்படுகிறது. இன்றோடு என் பட்டை பீரோவுக்குள் போய்விடும் என்று நினைக்கிறேன். போகட்டும், நான் இதைவிடக் குறைந்த தமிழில் நன்றாகவே வாழ்ந்தவன். நாளையிலிருந்து எனக்குக் குரைப்பு ஒன்றுதான். நான் விடாமல் குரைத்தால் என்ன ஏதென்று ஒரு நடை வந்து பாருங்கள். சுண்டல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் தின்றுவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும்.